உறங்கும் கிழங்கு: செங்காந்தளை வீட்டில் வளர்ப்போர் அறிய வேண்டியவை



ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் வழியில், மழைக்காலத்தில் புதர்களின்மேல் தீச்சுடர் போல நிமிர்ந்து நிற்கும் ஒரு பூவை நம்மில் பலர் கண்டிருப்போம். அதுவே செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலும் காந்தளில்தான் தொடங்குகிறது. கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்று ஊருக்கு ஊர் அதற்குப் பெயர்கள் உண்டு. இன்று நர்சரிகளிலும் அதன் கிழங்கு கிடைக்கிறது. மாடியிலும் முற்றத்திலும் தொட்டியில் வைத்து வளர்ப்போர் இருக்கின்றனர்.

நெடுநாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோர்க்குச் செடி வளர்ப்பு நல்ல துணை. காலையில் எழுந்து தொட்டியருகே நடந்து சென்று புதுத்துளிர் வந்துள்ளதா என்று பார்ப்பது உடலுக்குச் சிறு பயிற்சியாகவும் மனத்திற்கு ஆறுதலாகவும் அமைகிறது. ஆனால் செங்காந்தளைப் பொறுத்தவரை எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. "பூத்து முடிந்ததும் செடி முழுதும் காய்ந்துவிட்டது; தூக்கி எறிந்துவிடலாமா?" என்பது ஒன்று. "அதன் கிழங்கு மருந்தாமே, சாப்பிடலாமா?" என்பது மற்றொன்று. இரண்டிற்கும் விடை மண்ணுக்குள் இருக்கும் அந்தக் கிழங்கில்தான் உள்ளது. செடி காய்ந்தாலும் கிழங்கு இறப்பதில்லை, உறங்குகிறது. அப்படி உறங்கும் மாதங்களில்தான் அது வீட்டிற்கு மிகுந்த ஆபத்தாகவும் ஆகிறது. இந்த இரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடியின் ஓராண்டு

செங்காந்தள் கொடி வகையைச் சேர்ந்தது. ஆனால் அவரையைப் போலத் தண்டால் சுற்றி ஏறுவதில்லை. ஒவ்வோர் இலையின் நுனியும் நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, அருகிலுள்ள குச்சியையோ கம்பியையோ பிடித்துக்கொள்ளும். பூவிற்கு ஆறு இதழ்கள். அவை பின்னோக்கி வளைந்து மேல்நோக்கி நிற்கும். ஓரங்கள் அலையலையாக இருக்கும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பின்னர்ச் செம்மஞ்சள், முடிவில் செந்நிறம் என நாளுக்கு நாள் நிறம் மாறும். ஒரே கொடியில் எல்லா நிறங்களையும் ஒருங்கே காணலாம்.

ஆனி, ஆடி மாதங்களில் கிழங்கு முளைக்கிறது. ஆவணி முதல் கார்த்திகை வரை பூக்கிறது. மார்கழியில் இலைகள் பழுத்து, தை மாதத்திற்குள் கொடி முழுதும் காய்ந்துவிடுகிறது. அதன்பின் அடுத்த மழை வரும்வரை ஏறக்குறைய ஐந்து மாதங்கள் மண்ணுக்கு மேலே ஒன்றுமே தெரியாது. இதற்குள் பழைய கிழங்கு சுருங்கி அழிய, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகியிருக்கும். கோடையின் வறட்சியைக் கடக்க அச்செடி கண்ட வழி இது.

குளிர்நாடுகளில் வாழும் உறவினர் வீடுகளில் சைக்கிளமென் என்னும் பூச்செடியைப் பார்த்தோரும் உண்டு. மலைநகரங்களுக்குச் செல்வோர் சிலர் அதை வாங்கியும் வருகின்றனர். அதுவும் கிழங்கிலிருந்தே வளர்வது. அதுவும் கோடையில் இலை உதிர்த்து உறங்குவது. அதன் கிழங்கும் உண்ணத்தகாதது. குளிர்காலத்தில் பூத்து, வெப்பம் ஏறியதும் அது வாடும்போது, செத்துவிட்டதென்று எண்ணிப் பலர் எறிந்துவிடுகின்றனர். 20 பாகை செல்சியசுக்கு உட்பட்ட குளிர்ச்சியை விரும்பும் அச்செடிக்கு நமது சமவெளி ஏற்றதன்று. அதைப் பெற்றவர்கள் குளிர்ந்த, நேர்வெயில் படாத சன்னலோரத்தில் வைத்து, கிழங்கின் தலையில் நீர் படாமல் தட்டின் வழியே நீர் ஊட்டி, பூக்கும் காலம் வரை கண்டு மகிழலாம். செங்காந்தளோ நம் மண்ணிற்கும் வெயிலுக்கும் உரியது.

தொட்டியில் நடுதல்

காப்புக்காட்டிலிருந்து கிழங்கைத் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றம். காட்டில் அதன் எண்ணிக்கை குறையவும் அதுவே காரணமாகிறது. ஆகவே நர்சரியிலிருந்தோ, பயிரிடும் உழவரிடமிருந்தோ வாங்குங்கள். கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களிலும் வேதாரண்யம் பகுதியிலும் உழவர்கள் இதனை மருந்துப் பயிராகவே வளர்க்கின்றனர்.

கிழங்கு கலப்பை போல வளைந்து இரு கிளைகளாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. எனவே கையாளும்போது மிகுந்த கவனம் தேவை. குறைந்தது ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியை எடுத்து, அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். கிழங்கைப் படுக்கைவாட்டில் வைத்து இரண்டு அல்லது மூன்று அங்குல மண்ணால் மூடுங்கள். கொடி ஏறுவதற்கு மெல்லிய குச்சிகளையோ கம்பி வலையையோ நடும்போதே ஊன்றிவிடுங்கள். பின்னால் ஊன்றினால் கிழங்கைக் குத்திவிட நேரும்.

முளை வரும்வரை மண் சற்றே ஈரமாக இருந்தால் போதும். கொடி வளரத் தொடங்கியதும் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பின் நீர் ஊற்றுங்கள். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். காலை வெயில் நன்கு படும் இடமே இதற்கு உகந்தது.

நம் பகுதிக்கென ஒரு குறிப்பையும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் பாலாற்றை ஒட்டிய கிணறுகள் பலவற்றில் நீர் உப்புத்தன்மை மிகுந்தது. அந்நீரைத் தொட்டிக்கு நாள்தோறும் ஊற்றினால் மண்ணின் மேலும் தொட்டியின் ஓரத்திலும் வெண்மையாக உப்புப் படியும். இலை நுனிகள் கருகும். அத்தகைய வீடுகளில் மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுவது நல்லது. அதற்கு வழியில்லையெனில், மழை பெய்யும்போது தொட்டியை வெளியே வைத்து, உப்பு கரைந்து துளை வழியே வெளியேற விடுங்கள்.

கருநிற உடலில் செந்நிறப் புள்ளிகளும் வெண்புள்ளிகளும் கொண்ட புழுக்கள் சில வேளைகளில் இலையைத் தின்னும். கையுறை அணிந்து அவற்றைப் பொறுக்கி அகற்றினாலே போதும். வீட்டுத் தொட்டிக்குப் பூச்சிமருந்து வேண்டா.

பூ வாடியதும் அதைக் காம்போடு நறுக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் காய் பிடித்து, முற்றி வெடித்து, சிவந்த விதைகள் தெரியும். அவை குழந்தைகளின் கண்ணைக் கவரும். விதையிலும் நஞ்சு மிகுதி.

நஞ்சு எங்கே, எவ்வாறு?

இச்செடியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. அந்நஞ்சின் முதன்மைப் பொருள் கோல்சிசின். 1820ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான பெல்லெத்தியே, கவந்து இருவரும் ஐரோப்பாவில் வளரும் கோல்சிக்கம் என்னும் செடியிலிருந்து இப்பொருளை முதலில் பிரித்தனர். நம் செங்காந்தள் அச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

உடலின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைக் கோல்சிசின் தடுக்கிறது. ஆகையால் எங்கெல்லாம் உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றனவோ அங்கெல்லாம் அதன் தாக்கம் கடுமையாக இருக்கும். முதலில் குடலின் உட்படலம், அடுத்து இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சை, பின்னர் முடியின் வேர் எனத் துன்பம் படிப்படியாகத் தெரிவது இதனால்தான்.

உண்டவர்க்கு உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுவலியும் நீர்போன்ற பேதியும் தொடங்கும். ஒன்றிரண்டு நாள்களில் இவை தணிந்தது போலத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டத்தில்தான் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறைந்து, சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவை பாதிக்கப்படும் அபாயம் உள்ளது. பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டும். பின்னர் அது மீண்டும் வளரும்.

வாந்தி நின்றுவிட்டது என்பதற்காக நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லக் கேட்காதீர்கள். நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசும் நாளிலும் மருத்துவர் இரத்தப் பரிசோதனையை மீண்டும் மீண்டும் கேட்பது வீண்செலவு அன்று. இந்நஞ்சிற்கு எளிதில் கிடைக்கும் மாற்றுமருந்து இல்லை. உடலின் நீரையும் உப்பையும் சீராக வைத்து, ஒவ்வோர் உறுப்பையும் கண்காணித்து, நஞ்சு நீங்கும்வரை உடலைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

ஏன் உறக்க மாதங்களில் ஆபத்து மிகுதி?

பூக்கும் காலத்தில் செங்காந்தளை யாரும் வேறொன்றாக எண்ண மாட்டார்கள். அதன் பூவே அதற்குப் பெயர்ப்பலகை. தை மாதத்திற்குப் பின் அந்தப் பலகை மறைந்துவிடுகிறது. முற்றத்தில் மண் மட்டும் உள்ள ஒரு தொட்டி கிடக்கிறது. வீட்டிற்கு வந்த உறவினரோ வேலைக்கு வந்தவரோ வேறு செடி நடுவதற்காக அதைக் கொத்துகிறார். உள்ளே சதைப்பற்றுள்ள, பழுப்புத் தோல் கொண்ட கிழங்கு கிடைக்கிறது. சர்க்கரைவள்ளி என்றோ வேறு வள்ளிக்கிழங்கு என்றோ எண்ணிச் சமையலறைக்கு எடுத்துச் செல்வது எளிதில் நேரக்கூடிய பிழை. இக்கிழங்கை உண்ணும் கிழங்கென்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டு நஞ்சுக்கு ஆளானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல அறிக்கைகள் வந்துள்ளன. வேகவைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை என்பதை நினைவிற்கொள்க.

எனவே கொடி காய்ந்த நாளிலேயே பின்வருவனவற்றைச் செய்துவிடுங்கள்.

1. தொட்டியின் மேல் அழியாத வண்ணத்தில் "செங்காந்தள் – நஞ்சு – தோண்டாதீர்" என்று எழுதுங்கள். எழுத்தறியாதவர்க்கும் புரியும்படி மண்டையோட்டுக் குறியும் வரையுங்கள்.

2. கிழங்கைத் தோண்டி எடுத்துவைக்காதீர்கள். தொட்டியிலேயே உறங்கட்டும். நீர் ஊற்றுவதை நிறுத்தி, கோடைமழை படாத கூரையடியில் தொட்டியை வையுங்கள்.

3. தோண்டியே ஆக வேண்டுமெனில், எடுத்த கிழங்கை மூடியுள்ள பெட்டியில் மணலிட்டு, பெயர் எழுதி, பூட்டி வையுங்கள். வெங்காயம், உருளை, சேனை வைக்கும் இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

4. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், வேலைக்கு வருவோர்க்கும் சொல்லிவையுங்கள். ஒருவர் மட்டும் அறிந்திருந்து அவர் மருத்துவமனையில் இருக்கும் வேளையில் பிறர் அறியாமல் தோண்டிவிடக் கூடும்.

5. காய்ந்த கொடியையும் நறுக்கிய பூக்களையும் தெருவில் எறியாதீர்கள். ஆடு மாடுகள் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

மருந்தென்று எண்ணலாமா?

கோல்சிசின் மருந்தாகப் பயன்படுவது உண்மையே. யூரிக் அமிலம் மிகுவதால் வரும் கவுட் என்னும் மூட்டுவலிக்கு மருத்துவர்கள் அதனை மாத்திரையாகத் தருகின்றனர். அம்மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவே. நன்மை செய்யும் அளவிற்கும் தீங்கு செய்யும் அளவிற்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறுகியது. கிழங்கில் எவ்வளவு நஞ்சு உள்ளது என்பதை வீட்டில் யாராலும் அளந்தறிய இயலாது. சித்த, ஆயுர்வேத முறைகளும் இதனை நஞ்சு வகையில் வைத்தே பேசுகின்றன; சுத்திகரிப்பின்றி அவை இதனைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே மூட்டுவலிக்கோ, பாம்புக்கடிக்கோ, பேற்றிற்கோ, வேறெதற்குமோ வீட்டில் இதனை அரைத்துக் கொடுக்காதீர்கள். கண்வலிக் கிழங்கு என்ற பெயரைக் கேட்டுக் கண்ணில் இடவும் கூடாது.

கோல்சிசின் மாத்திரை உட்கொள்வோர், சிறுநீரக நோயோ கல்லீரல் நோயோ இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் பூஞ்சைக்கொல்லி மருந்துகளும் கோல்சிசினை உடலில் தேங்கச் செய்யும். புதிய மருந்தொன்றைத் தொடங்கும்முன் பழைய சீட்டைக் காட்டுங்கள்.

யார் வளர்க்கலாம், யார் தவிர்க்க வேண்டும்?

தவழும் குழந்தைகளும் எதையும் வாயில் இடும் சிறுவரும் உள்ள வீட்டில் செங்காந்தள் வேண்டா. நினைவுக்குறைவுள்ள முதியவர் இருக்கும் வீட்டிலும் வேண்டா. மனச்சோர்விலோ ஆழ்ந்த வேதனையிலோ ஒருவர் இருக்கும் வீட்டில் எந்த நச்சுச்செடியும் பூச்சிமருந்தும் கையெட்டும் இடத்தில் இருத்தலாகாது. அத்தகையோரும் அவர்தம் குடும்பத்தினரும் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம். இத்தகைய வீடுகளுக்குத் துளசி, செம்பருத்தி, மல்லிகை, கற்பூரவல்லி போன்றவை ஏற்றவை. அரளி, ஊமத்தை, குன்றிமணி ஆகியவை இருந்தால் அவற்றையும் அகற்றுவது நன்று.

நீரிழிவு உள்ளவர்கள் எந்தத் தொட்டியில் வேலை செய்தாலும் கையுறையும் செருப்பும் அணிய வேண்டும். மழைக்கால மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர், தோலிலுள்ள சிறு காயத்தின் வழியே புகுந்து மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான தொற்றை உண்டாக்கக் கூடும். நீரிழிவு உள்ளோரையே அது மிகுதியாகத் தாக்குகிறது. புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோரும் உறுப்பு மாற்றச் சிகிச்சை பெற்றோரும் மண்ணைத் தொடாமல், செடியைக் கண்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. தொட்டியும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

தோல் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர்க்கு ஒரு சொல். குரோமியம் ஒவ்வாமையால் கைகளில் அரிப்பும் வெடிப்பும் உள்ளவர்கள், குரோமியத்தால் பதனிட்ட தோல் கையுறையைத் தோட்ட வேலைக்கு அணிந்தால் துன்பம் பெருகும். இரப்பர் அல்லது பிளாஸ்டிக் கையுறையே அவர்களுக்கு ஏற்றது. கிழங்கின் சாறு பட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள்.

யாரேனும் உண்டுவிட்டால்

1. அறிகுறி தோன்றும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

2. வாயில் எஞ்சியிருப்பதைத் துப்பச் செய்து, வாயை நீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

3. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். உப்புநீர், பால், நெய், எலுமிச்சைச்சாறு எதுவும் முறிவு ஆகாது.

4. எதை உண்டார், எப்போது உண்டார், ஏறத்தாழ எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சிய கிழங்கையோ கொடியையோ ஒரு பையில் இட்டுக் கொண்டு வாருங்கள். எடுக்க இயலாவிடில் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள்.

5. அதே உணவை உண்ட மற்றவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

6. என்ன நேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது குற்றம் காண்பதற்காக அன்று. காலம் தாழ்த்தாமல் தக்க சிகிச்சையைத் தொடங்குவதற்காகவே.

மீண்டும் துளிர்க்கும்போது

தை முதல் வைகாசி வரை உங்கள் தொட்டி வெறுமையாகத் தெரியும். வாரந்தோறும் மண்ணைக் கிளறிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். ஆனியில் முதல் மழை பெய்ததும் தொட்டியை வெளியே கொண்டுவந்து வையுங்கள். சில வாரங்களில் கூரிய பச்சை முளை ஒன்று மண்ணைத் துளைத்து வெளிவரும். படுக்கையில் பல மாதங்களைக் கழித்தவர்க்கு அந்த முளை தரும் மகிழ்ச்சி பெரிது.

அந்த மகிழ்ச்சியை நீங்கள் இழக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக நாங்கள் கேட்பது ஒன்றுதான். இன்று வீடு திரும்பியதும் தொட்டியின் மேல் அதன் பெயரையும் நஞ்சு என்ற சொல்லையும் எழுதுங்கள். கிழங்கு உறங்கும் மாதங்களில் அந்த எழுத்தே உங்கள் வீட்டாரைக் காக்கும்.